அறிவியல் கண்காட்சிக்கு முதன்முறை போகிறீர்களா? குமரி மாவட்ட மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எந்தப் பள்ளிக் கண்காட்சிக்குப் போனாலும் சில மேசைகளைக் கட்டாயம் பார்க்கலாம். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றிப் பொங்கவிடும் எரிமலை. தெர்மாகோல் வீட்டுக் கூரையிலிருந்து குழாய் இறங்கும் மழைநீர் சேகரிப்பு. சிரிஞ்சில் தண்ணீரைத் தள்ளி இயக்கும் ஜேசிபி. செய்த பிள்ளைகளின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்று காலையிலேயே மூன்று எரிமலைகளைப் பார்த்துவிட்ட நடுவருக்கு நான்காவது எரிமலையிடம் கேட்க என்ன இருக்கும்? பொங்குகிறதா என்று பார்ப்பார், ஒரு டிக் போடுவார், அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

நடுவரை உங்கள் மேசை முன்னால் நிற்கவைப்பது நீங்களே அளந்து எழுதிய எண்கள்தான். ஒரு கேள்வியை எடுத்து, அதற்கு விடை காண நீங்களே சோதித்து, பதிவு செய்த ஒரு நோட்டு கையில் இருந்தால், மேசையில் விளக்கு எரியாவிட்டாலும் அவர் உட்கார்ந்து பேசுவார். அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. நம் மாவட்டத்தில் கடல், மலை, குளம், ரப்பர் தோட்டம், காற்றாலை எல்லாம் ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள் கிடக்கின்றன. இவ்வளவு வகையான கேள்விகள் இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும் மாணவர்கள் அதிகம் பேர் இல்லை.

இந்தக் கட்டுரை 6 முதல் 10ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களை மனதில் வைத்து எழுதியது. முதன்முறை பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கும் பயன்படும்.

எந்தப் போட்டி என்று தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளிக்குள் நடக்கும் கண்காட்சி ஒன்று. அதைத் தாண்டிப் போக ஆசை இருந்தால் வேறு வழிகள் உண்டு. மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பள்ளி வழியாக உங்கள் யோசனையை இணையத்தில் பதிய வேண்டும். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு. 1993 முதல் நடந்துவரும் அந்த மாநாட்டுக்கு உங்கள் ஊரில் நீங்களே செய்த ஆய்வு வேண்டும். மாதிரியைத் தூக்கிக்கொண்டு போனால் போதாது. என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் கண்காட்சிக்கு ஆண்டுதோறும் கருப்பொருள் அறிவிப்பார்கள்.

இவை ஒவ்வொன்றும் கேட்பது வேறு. ஒன்றுக்குப் புதுக் கருவி வேண்டும், இன்னொன்றுக்குக் கள ஆய்வு வேண்டும். ஆகவே அறிவிப்பை அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு வாங்கி முழுவதும் படியுங்கள். கருப்பொருள், குழுவில் எத்தனை பேர், மேசையின் அளவு, மின்சாரம் கிடைக்குமா, மதிப்பெண் எதற்கெல்லாம் என்ற ஐந்தையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பெரும்பாலான போட்டிகளில் சொந்தச் சிந்தனைக்கும் அறிவியல் அணுகுமுறைக்கும் சேர்த்துத் தரும் மதிப்பெண், அலங்காரத்துக்குத் தருவதைவிடக் கூடுதலாக இருக்கும்.

குறைந்தது ஆறு வாரம் கையில் இருக்கும்படி தொடங்குங்கள். கடைசி வாரம் சார்ட் எழுதவும் பேசிப் பார்க்கவும் போய்விடும். நடுவில் காலாண்டுத் தேர்வு வரும், மழை வரும்.

கேள்வியைத் தேடுவது

“காற்றாலை” என்பது தலைப்பு. “இறக்கையின் எண்ணிக்கையைக் கூட்டினால் சின்ன காற்றாலை தரும் மின்னழுத்தம் கூடுமா?” என்பது கேள்வி. தலைப்போடு நின்றுவிட்டால் மாதிரி செய்வதைத் தவிர வேறு வழியிருக்காது. கேள்வியாக மாற்றினால் என்ன அளக்க வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். உங்கள் வாக்கியத்தில் மாற்றப்போகும் ஒரு பொருளும் அளக்கப்போகும் ஒரு பொருளும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அது சோதனைக்கு உகந்த கேள்வி.

நம் ஊரிலிருந்தே சில கேள்விகள் தருகிறேன்.

கடற்கரைப் பக்கம், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மாதிரி ஊர்களில் இருப்பவர்கள் கிணற்றுத் தண்ணீரை எடுக்கலாம். கடலிலிருந்து தள்ளிப் போகப் போக உப்பு எவ்வளவு குறைகிறது? பத்துக் கிணறு, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர், கூகுள் மேப்பில் அளந்த தூரம் போதும். எல்லாக் கிணற்றிலும் ஒரே நேரத்தில், மோட்டார் போடுவதற்கு முன்னால் தண்ணீர் எடுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. அந்த இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் போட்டுவிட்டால் எந்தக் கிணறு எங்கே நிற்கிறது என்று யாருக்கும் புரியும். ஒன்றை மறக்காதீர்கள்: அந்த மீட்டர் தண்ணீரின் மின்கடத்து திறனை அளந்து அதிலிருந்து உப்பைக் கணக்கிடுகிறது. தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. நடுவர் இதைக் கேட்காமல் போக மாட்டார்.

நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8 டிகிரியில் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு இரண்டு நாள், ஏப்ரல் 10, 11 வாக்கிலும் செப்டம்பர் 1 வாக்கிலும், சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். செங்குத்தாக நட்ட குச்சிக்கு அந்தக் கணத்தில் நிழல் இருக்காது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஆகவே இது பகல் 12 மணிக்கு நடக்காமல் சுமார் 12.20க்கு நடக்கும். சென்னையில் சித்தப்பாவோ அத்தையோ இருந்தால், அதே நாளில் அவர்களும் ஒரு மீட்டர் குச்சி நட்டு, நிழல் மிகக் குறுகும்போது அளக்கட்டும். அங்கே சுமார் எட்டரை சென்டிமீட்டர் நிழல் விழும். அந்தக் கோணத்தையும் இரு ஊர்களுக்கு இடையே உள்ள வடக்குத் தெற்குத் தூரத்தையும் வைத்துப் பூமியின் சுற்றளவையே கணக்கிடலாம். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இப்படித்தான் கணக்கிட்டார். இதற்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. வானம் மூடிக்கொண்டால் மட்டும் கஷ்டம், அதனால் முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் சேர்த்து அளந்து வையுங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காற்றாலை கண்ணெதிரே இருக்கிறது. கணவாயில் நெருக்கிக்கொண்டு வரும் காற்றுதான் அத்தனை காற்றாலைகளுக்கும் காரணம். சின்ன டி.சி. மோட்டார், மேசை மின்விசிறி, மின்னழுத்தம் அளக்க மல்டிமீட்டர் வைத்து இறக்கையின் எண்ணிக்கையையும் சாய்வையும் மாற்றிப் பாருங்கள். விசிறியின் வேகமும் தூரமும் மாறவே கூடாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் உள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்ற விவரத்தையும் தெரிந்துவைத்துக்கொண்டு போங்கள்.

சுசீந்திரம், தேரூர் குளக்கரையில் இருப்பவர்கள் பறவைகளை எண்ணலாம். அந்தக் குளங்கள் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தவை. ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், ஒரே கால அளவுக்கு வாரம் இரண்டு நாள் எண்ணினாலே வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் வித்தியாசம் தெரியும்.

மணவாளக்குறிச்சிக் கருமணலைக் காந்தத்தால் பிரிப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த யோசனை. நான் வேண்டாம் என்றே சொல்வேன். அந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட் கலந்திருக்கிறது, அணுக் கனிமம் என்பதால் அதை எடுப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடும் உண்டு. வகுப்பறையில் தூசி பறக்கவிட வேண்டிய பொருள் அது இல்லை.

ஒரு சோதனையை முழுதாகப் பார்ப்போம்

குலசேகரம், அருமனை, திருவட்டாறு, கடையாலுமூடு பக்கம் எந்த வீட்டைக் கேட்டாலும் ரப்பர் தெரியும். அதிகாலையில் பால் வெட்டுவார்கள், சிரட்டையிலோ கப்பிலோ பால் சொட்டும், வெயில் ஏறுவதற்குள் சேகரித்து, தண்ணீர் கலந்து, டிஷ்ஷில் ஊற்றி ஃபார்மிக் ஆசிட் விட்டு உறையவைத்து, மெஷினில் கொடுத்து ஷீட் ஆக்குவார்கள். கேள்வி அங்கேயே இருக்கிறது: ஃபார்மிக் ஆசிட்டுக்குப் பதிலாக அடுக்களையில் இருக்கும் புளிப்பு எதையாவது வைத்து ரப்பர் பாலை உறையவைக்க முடியுமா? எது வேகமாக உறையவைக்கும்?

புளி, கொடம்புளி, எலுமிச்சை, வினிகர் என நான்கை எடுத்துக்கொள்வோம். மீன்குழம்புக்குப் போடும் கொடம்புளியை வைத்து ஒரு சோதனை என்றாலே நடுவர் முகம் மலரும். ஆனால் முகம் மலர்ந்தால் மதிப்பெண் வந்துவிடாது, மேலே போவோம்.

நியாயமான ஒப்பீடு. ஒரே மரங்களிலிருந்து, ஒரே காலையில் எடுத்த பாலை ஒரு பாத்திரத்தில் கலக்கி வடிகட்டுங்கள். 50 மில்லி பால், 50 மில்லி தண்ணீர் என ஒரே மாதிரியான ஐந்து டம்ளர்களில் ஊற்றுங்கள். தண்ணீர் சேர்ப்பது முக்கியம். சேர்க்காமல் புளிப்பை விட்டால் அந்தந்த இடத்திலேயே கட்டி கட்டியாகத் திரண்டு எதையும் அளக்க முடியாமல் போகும். நான்கு டம்ளரில் நான்கு புளிப்புக் கரைசலை 10 மில்லி வீதம் விட்டுக் கலக்குங்கள். ஐந்தாவதில் 10 மில்லி வெறும் தண்ணீர். அந்த ஐந்தாவது டம்ளர் இல்லாவிட்டால் உங்கள் சோதனைக்கு மதிப்பே இல்லை. காரணம், ரப்பர் பால் சும்மா வைத்தாலும் மாலைக்குள்ளோ மறுநாளோ தானாக உறைந்துவிடும். பாக்டீரியா பெருகி அமிலம் உண்டாக்குவதால் நடப்பது அது. புளி உறையவைத்ததா, நேரம் உறையவைத்ததா என்று சொல்ல அந்த டம்ளர்தான் சாட்சி.

இங்கே கூர்மையான நடுவர் ஒருவர் கட்டாயம் மடக்குவார். “பத்து மில்லி புளிக்கரைசலும் பத்து மில்லி வினிகரும் ஒண்ணா? ரெண்டுலயும் அமிலம் ஒரே அளவா இருக்கா?” இல்லை. 50 கிராம் புளியை 200 மில்லி தண்ணீரில் கரைத்தால் எவ்வளவு அமிலம் இறங்கியது என்று உங்களுக்குத் தெரியாது. இதைச் சமாளிக்க இரண்டு வழி. சின்ன வகுப்பு மாணவர்கள் ஒவ்வொரு கரைசலிலும் பி.எச். தாளை நனைத்து, அதன் நிறம் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும்; எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல். தாள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும். ஒன்பது, பத்தாம் வகுப்பினர் ஒரு படி மேலே போகலாம். வேதியியல் ஆசிரியர் பக்கத்தில் இருக்க, நிறம் மாறிக் காட்டும் ஃபீனால்ப்தலீன் சேர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேஷன் செய்து, அதாவது அமிலம் எவ்வளவு என்று அளந்து, நான்கு கரைசலின் அமில வலிமையையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரலாம். புளிக்கரைசல் பழுப்பாக இருப்பதால் நிறமாற்றம் தெரியாது, நன்றாக நீர்த்து வடிகட்டிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலை செய்துவிட்டீர்கள் என்றால் கண்காட்சியில் பாதித் தூரம் தாண்டிவிட்டீர்கள்.

எப்போது உறைந்தது என்பது? இதை முன்கூட்டியே தீர்மானித்து எழுதுங்கள். “கெட்டியானதும்” என்று எழுதினால் உங்களுக்கு ஒரு நேரம், உங்கள் தோழிக்கு ஒரு நேரம். “டம்ளரைப் பாதி சாய்த்தால் மேற்பரப்பு அசையாமல் நிற்கும் நேரம்” என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். ஒருவர் சாய்க்கட்டும், இன்னொருவர் போனில் ஸ்டாப் வாட்ச் பார்த்து எழுதட்டும். வேலையை நடுவில் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

உறைந்த கட்டியை வெளியே எடுத்துச் சப்பாத்திக் கட்டையால் அழுத்தி, நிழலில் காயவைத்து, எடை மாறாமல் நிற்கும் வரை தினமும் நிறுத்துப் பாருங்கள். ரப்பர் பாலில் சுமார் 30 முதல் 40 சதவீதம் ரப்பர் இருக்கும். அப்படியானால் 50 மில்லி பாலுக்கு 15 முதல் 20 கிராம் வரை கிடைக்க வேண்டும். ஆறு கிராம்தான் வந்தது என்றால் எங்கோ பால் வீணாகியிருக்கிறது அல்லது முழுதாக உறையவில்லை. அழுத்தும்போது வடிந்த நீர் தெளிவாக இருந்ததா, பால் நிறமாக இருந்ததா என்று பார்த்தால் காரணம் பிடிபடும்.

திரும்பச் செய்வது. முழுச் சோதனையையும் மூன்று வேறு நாட்களில் செய்யுங்கள். ஒரு டம்ளருக்கு 22, 24, 31 நிமிடம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 25.7 என்று மட்டும் எழுதிவிட்டு மூன்று எண்களை மறைக்காதீர்கள். அந்த 31 ஏன் வந்தது? அன்று முந்தின இரவு மழை பெய்ததா, பால் நீர்த்துப் போயிருந்ததா, புளி வேறு கடையில் வாங்கியதா? நடுவருக்குப் பேச மிகவும் பிடித்த இடம் இந்த ஒட்டாத எண்தான்.

மழை பெய்தால் பால் வெட்டு நடக்காத தோட்டங்கள் உண்டு. ஆகவே நாட்களை நெருக்கி வைக்காதீர்கள். பால் வெட்டும் அண்ணன்மாரிடம் எந்த வாரம் வெட்டு இருக்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு. ஃபார்மிக் ஆசிட்டைப் பிள்ளைகள் தொடவே கூடாது. தோலைப் பொசுக்கும், ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஒப்பிட வேண்டுமானால் தோட்டத்தில் பெரியவர் வழக்கம்போல் உறையவைப்பதைத் தள்ளி நின்று பார்த்து நேரத்தை மட்டும் குறியுங்கள், “தோட்டத்தில் பார்த்தது” என்று தனியாக எழுதுங்கள். ரப்பர் பாலால் தோல் அரிக்கும் பிள்ளைகள் இந்தச் சோதனையை எடுக்க வேண்டாம். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். துணியில் பட்ட பால் எந்தச் சோப்புக்கும் போகாது.

ஏன் உறைகிறது? பாலில் ரப்பர் மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்பும் போர்த்தியிருக்கின்றன, அந்தப் போர்வைக்கு எதிர் மின்சுமை உண்டு. எல்லாத் துகளுக்கும் ஒரே சுமை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் நிற்கின்றன. அமிலம் சேர்ந்தால் அந்தச் சுமை அடங்குகிறது, துகள்கள் ஒட்டித் திரள்கின்றன. புதிய பாலின் பி.எச். கிட்டத்தட்ட 7, அது 5க்கும் கீழே இறங்கும்போது திரட்சி நடக்கும். பாலில் உறை ஊற்றித் தயிராக்குவதும் ஏறக்குறைய இதே கதை. இந்த விளக்கம் உங்கள் வாயில் இப்படிச் சுருக்கமாக, நிறுத்தி நிறுத்தி வர வேண்டும்.

நோட்டு

கட்டாயம் கையால் எழுதிய நோட்டு வேண்டும். தேதி, நேரம், வானிலை, அளவுகள், தவறிப்போனவை எல்லாம் அதில் இருக்கட்டும். அடித்துத் திருத்திய இடங்களை விட்டுவிடுங்கள், மறுபடி அழகாகப் பிரதி எடுக்க வேண்டாம். புளிக்கறை பட்ட பக்கம் ஒன்று நோட்டில் இருந்தால் அதைப் பார்க்கும் எவரும் இது டி.டி.பி. கடையில் பிறந்த வேலை இல்லை என்று புரிந்துகொள்வார்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள். உங்கள் கை தெரியும்படி எடுங்கள்.

உதவியவர்கள் பெயரையும் அவர்கள் செய்த உதவியையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். பால் தந்தவர், டைட்ரேஷன் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், வரைபடத்தைச் சரிபார்த்த அக்கா. எது உங்கள் வேலை, எது மற்றவர் உதவி என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் நடுவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

சார்ட்டும் மேசையும்

மேலே பெரிய எழுத்தில் உங்கள் கேள்வியைக் கேள்வியாகவே எழுதுங்கள். நடுவில் ஒரே ஒரு வரைபடம் பெரிதாக. அச்சுகளின் பெயரும் அலகும் விட்டுப்போகக் கூடாது. “நேரம் (நிமிடம்)” என்று எழுதாமல் வெறும் எண் போட்ட வரைபடம் கண்காட்சிகளில் அடிக்கடி பார்க்கும் குறை. ஒரு பக்கம் செய்முறை படங்களாக, மறுபக்கம் கண்டுபிடித்ததும் இன்னும் தெரியாததும். ஒரு மீட்டர் தள்ளி நின்றாலும் படிக்க முடிய வேண்டும். ஜிகினாத் தாளும் சரிகையும் வேண்டாம்; அந்த நேரத்தில் இன்னொரு முறை அளக்கலாம்.

ரப்பர் பாலைப் பாட்டிலில் அடைத்து நாகர்கோவில் வரை பஸ்ஸில் கொண்டுபோனால், போய்ச் சேரும்போது பாட்டிலுக்குள் கட்டிதான் இருக்கும். அமோனியா சேர்த்தால் உறையாது, ஆனால் அந்த நெடியோடு ஒரு மண்டபத்தில் நாள் முழுதும் உட்கார முடியாது. காய்ந்த ரப்பர் துண்டுகளைக் கண்ணாடித்தாளில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் எந்தப் புளிப்பு, எத்தனை நிமிடம், எத்தனை கிராம் என்று எழுதிக் கொண்டுபோங்கள். நடுவர் அதைத் தொட்டு இழுத்துப் பார்க்கட்டும். நிறமும் கொஞ்சம் வேறுபடும், புளியில் உறைந்தது பழுப்பேறியிருக்கும். சந்தையில் ஷீட்டின் நிறமும் விலையைத் தீர்மானிக்கிறது என்பதைச் சொல்ல அது நல்ல இடம்.

பேசுவது

மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்த பிள்ளையை நடுவில் ஒரு கேள்வி கேட்டு நிறுத்தினால் மறுபடி முதல் வரியிலிருந்துதான் தொடங்க முடியும். நான்கு சொல்லை மட்டும் உள்ளங்கை அளவு தாளில் எழுதுங்கள்: ஏன், எப்படி, என்ன வந்தது, என்ன தெரியவில்லை. அந்த நான்கையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். முதலில் வீட்டில் ஆச்சியிடம் சொல்லுங்கள். அவர்கள் எங்கே “அப்படின்னா?” என்று கேட்கிறார்களோ அங்கே உங்கள் விளக்கம் தெளிவில்லை.

தமிழில் சிந்தித்துச் செய்த வேலையைத் தமிழிலேயே சொல்லுங்கள். விதிமுறையில் ஆங்கிலம் கட்டாயம் என்று இல்லாதவரை, திக்கித் திணறிய ஆங்கிலத்தைவிடத் தெளிவான தமிழுக்கு மதிப்பெண் குறைய எந்தக் காரணமும் இல்லை.

கேள்வி பதில் கிட்டத்தட்ட இப்படிப் போகும்:

“மக்களே, இதை எத்தனை தடவை செஞ்சு பாத்த?”

“ஒவ்வொண்ணும் மூணு தடவை சார். மூணு நாள் பாலு.”

“ஒரே நாள்ல மூணு தடவை செய்யப்படாதா?”

“ஒரு நாள் பாலு மாதிரி மறுநாள் பாலு இருக்காது சார். மழை பெஞ்சா தண்ணியா இருக்கும். அதான் வேற வேற நாள் எடுத்தோம்.”

“கொடம்புளி ஃபார்மிக் ஆசிட்டை விட விலை கூடுதலாச்சே, தோட்டக்காரங்க எதுக்கு வாங்கணும்?”

இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயாராகப் போங்கள். ஒரு கிலோ ரப்பருக்கு எவ்வளவு புளி செலவாகிறது என்று உங்கள் அளவிலிருந்தே கணக்குப் போடலாம். கடையில் விலை கேட்டு எழுதிவையுங்கள். கட்டுப்படியாகாது என்று வந்தால் அப்படியே சொல்லுங்கள். “விலை கட்டாது சார், ஆனா ஆசிட்டு இல்லாமலும் உறையுதுன்னு தெரிஞ்சுது. அடுத்தால வீணாப் போற பழக்கழிவ வச்சுப் பாக்கலாம்னு இருக்கோம்” என்று சொன்ன மாணவருக்கு எந்த நடுவரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார். எதிர்பார்த்தது வராமல் போவது குறையே இல்லை. வராததை வந்ததாகச் சொல்வதுதான் குறை, அதை இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தெரியாத கேள்விக்கு “தெரியல சார்” என்று நிறுத்தாமல், “தெரியல சார், அதைக் கண்டுபிடிக்கணும்னா இப்படிச் செய்வேன்” என்று ஒரு வாக்கியம் சேருங்கள். குழுவாகப் போனால் இருவரும் பேச வேண்டும். ஒருவர் பேச ஒருவர் பொம்மையாக நின்றால், நடுவர் பேசாதவரைத்தான் கேட்பார்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

பிள்ளை வெட்டிய சார்ட் கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கடையில் மூவாயிரம், நாலாயிரம் கொடுத்து வாங்கிவந்த மாதிரிகள் எந்தக் கண்காட்சியிலும் சில இருக்கும், அவற்றின் முன் நிற்கும் பிள்ளைகள் பாவம். “உள்ளே இந்த ஒயர் எதுக்கு?” என்ற ஒரு கேள்விக்கு அவர்கள் கண் கலங்குவதைப் பார்த்தால் மனம் கேட்காது. நீங்கள் செய்ய வேண்டியது தோட்டத்துக்கோ கிணற்றடிக்கோ கூடப் போவது, கத்தி, நெருப்பு, அமிலம், மின்சாரம் இருக்கும் இடத்தில் பக்கத்தில் நிற்பது, “ஏன் அப்படி?” என்று கேட்டுக்கொண்டே இருப்பது. அளப்பதும் எழுதுவதும் பிள்ளையுடையது.

திருநெல்வேலியில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, போட்டிக்கு முன்னால் ஒருநாள் கூட்டிப்போனால் ஒரு கருத்தை எப்படிக் காட்சிப்படுத்துவது என்று பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ரப்பர், வாழை, நறுமணப் பயிர் சம்பந்தமான சந்தேகங்களுக்குப் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், நெல்லுக்குத் திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றன. பள்ளியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு, கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள்.

அன்றைய நாள்

அக்டோபர், நவம்பரில் கண்காட்சி என்றால் மழையை எதிர்பார்த்தே கிளம்புங்கள். சார்ட்டைச் சுருட்டி பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். பையில் செல்லோ டேப், கத்தரிக்கோல், நூல், ஸ்கெட்ச் பேனா, பழைய துணி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மின்விசிறிக் காற்றில் சார்ட் பறக்கும், நான்கு கிளிப் எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனாலும் விளக்கும்படி ஒரு போட்டோத் தொகுப்பு இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தில் ஒருவராவது மேசையில் இருங்கள், நடுவர்கள் அந்த நேரத்திலும் வருவதுண்டு.

நடுவர் மேசையை விட்டு நகர்ந்ததும் அவர் கேட்ட கேள்விகளை அப்படியே நோட்டில் எழுதிவிடுங்கள். மாவட்ட அளவுக்குத் தேர்வானால் அடுத்த சோதனையை எங்கே தொடங்குவது என்று அந்தப் பக்கமே சொல்லும். தேர்வாகாவிட்டாலும் அதைக் கிழித்துப் போடாதீர்கள், அடுத்த ஆண்டுக்கான கேள்வி அதில் இருக்கும். முடிவு அறிவிக்கும் முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் மற்ற மேசைகளையும் போய்ப் பாருங்கள், அவர்கள் எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள்.